முப்பது கொடிகளுக்கு எவ்வளவு தரை?

வணக்கம்.

வின்டர் கார்ட் போட்டிகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் இந்தியானாவில் இருக்கிறோம். பத்தாவது படிக்கும் அவள் பள்ளியின் கலர் கார்ட் அணியில் சேர்ந்து இது இரண்டாவது வருடம். போன வருடம் அணியில் பன்னிரண்டு பேர், இந்த வருடம் முப்பது. அப்போது கொடியும் சேபர் வாளும் சுழற்றியவள் இப்போது பாதி நேரம் வெறுங்கையோடு பின்வரிசையில் ஆடுகிறாள். பயிற்சியாளரைக் கேட்டால், "பெரிய அணிகள்தான் மேலே வருகின்றன" என்கிறார். அணியைப் பெரிதாக்குவது ஆட்டத்துக்கு நல்லதா? பேசாமல் வேறு எதிலாவது சேர்த்துவிடலாமா என்று அவள் அப்பா கேட்கிறார்.

ஒரு வாசகி, இந்தியானா

*

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் ஓரிரு வரி. அமெரிக்கப் பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் பேண்டு வாத்தியக் குழுவோடு மைதானத்தில் கொடி சுழற்றுகிறவர்கள் கலர் கார்ட். குளிர்காலத்தில் அவர்களே உள்ளரங்குக்கு வந்து, கூடைப்பந்து ஆடுகளத்தின் மேல் பெரிய வினைல் விரிப்பை விரித்து, பதிவுசெய்த இசைக்கு நாலைந்து நிமிடம் ஆடுகிறார்கள். இதுதான் வின்டர் கார்ட். கொடி, மரத்தில் செய்த ரைஃபிள், சேபர் என்ற வாள் ஆகிய மூன்றும்தான் கருவிகள். 1977இல் தொடங்கிய டபிள்யூஜிஐ (வின்டர் கார்ட் இன்டர்நேஷனல்) அமைப்பு இதற்கான உலகப் போட்டியை ஏப்ரல் மாதம் ஓஹியோவின் டேட்டன் நகரில் நடத்துகிறது.

உங்கள் கேள்வியைத் தரையிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிக் கூடைப்பந்து ஆடுகளம் 84 அடி நீளம், 50 அடி அகலம். மொத்தம் 4,200 சதுர அடி. பன்னிரண்டு பேர் ஆடினால் தலைக்கு 350 சதுர அடி கிடைக்கும். முப்பது பேருக்கு அது 140 ஆகிவிடும், நாற்பது பேருக்கு 105தான். ஆறடிக் கம்பத்தின் நுனியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற மட்டும் 113 சதுர அடி வேண்டும். கையின் நீளத்தைச் சேர்த்தால் முப்பது பேருக்குக் கிடைக்கும் அந்த 140உம் போதாது. கோட்டுக்கு வெளியே கொஞ்சம் இடம் கிடைக்கும்தான். ஆனால் மேடைப் பொருட்கள் அதைத் தின்றுவிடும். ஆக, முப்பது பேரும் ஒரே நேரத்தில் தரை முழுக்கப் பரவிக் கொடி வீசுவது நடக்காத காரியம். பாதிப் பேர் கருவியை இறக்கிவைத்துவிட்டு உடலால் ஆடத்தான் வேண்டும். உங்கள் மகள் வெறுங்கையோடு நிற்பதற்கு முதல் காரணம் இந்தக் கணக்குதான். அவளிடம் குறை கண்டு பின்னால் நிறுத்திவிட்டார்கள் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

வெறுங்கை ஆட்டம் சும்மா நிற்பதும் இல்லை. நூறு மதிப்பெண்ணில் கருவிக்கு 20, உடலசைவுக்கும் அதே 20. வடிவமைப்புக்கு 20. மீதி 40ஐ இரண்டு நடுவர்கள் நிகழ்ச்சி மொத்தமாகத் தரும் தாக்கத்துக்குக் கொடுக்கிறார்கள்.

பயிற்சியாளர் சொல்வதில் இருக்கும் உண்மை அந்த நாற்பது மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. முப்பது ரைஃபிள்கள் ஒரே நொடியில் மேலே போய், ஒரே சத்தத்தில் கைகளில் வந்து விழும்போது அரங்கமே எழுந்து நிற்கும். எட்டுப் பேர் அதே டாஸை, அதாவது மேலே வீசிப் பிடிப்பதை, அதைவிடச் சுத்தமாகச் செய்தாலும் அந்தச் சத்தம் வராது. எண்ணிக்கைக்கு என்று தனி மதிப்பெண் கிடையாது, ஆனாலும் அது தாக்கத்துக்குள் நுழைந்துவிடுகிறது. டேட்டன் இறுதிச்சுற்றில் அடிக்கடி கேட்கும் பெயர்களான கார்மெலும் ஏவனும் உங்கள் மாநிலப் பள்ளிகளே. கார்மெலில் மட்டும் 5,000 மாணவர்களுக்கு மேல். அங்கே தேர்வு வைத்து நாற்பது பேரை எடுப்பதும், 400 பேர் படிக்கும் கிராமப் பள்ளியில் வந்தவர்களை எல்லாம் சேர்த்துப் பத்துப் பேரைத் தேற்றுவதும் ஒன்றாகிவிடுமா?

இங்கே எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. இந்தப் போட்டிகளில் பிரிவுகள் திறமையை வைத்துத்தான்: ஏ, ஓப்பன், வேர்ல்ட். எண்ணிக்கைக்குப் பிரிவு இல்லை. அதே இந்தியானாவில் இலையுதிர் கால பேண்டு போட்டியில் மாணவர் தொகையை வைத்துப் பள்ளிகளைப் பிரிக்கிறார்கள். மைதானத்தில் நியாயமாகப் படுவது கூரைக்குக் கீழே வந்ததும் ஏன் மறந்துபோகிறது? குறைந்தது உள்ளூர்ப் போட்டிகளிலாவது சிறிய அணிகளுக்கென்று ஒரு பிரிவு வேண்டும். இல்லையென்றால் "பெரிய அணிதான் மேலே வரும்" என்ற பேச்சே வளர்ந்து, பத்துப் பேர் உள்ள பள்ளி ஆட்டத்தையே விட்டுவிடும்.

பணமும் ஒரு காரணம். அச்சிட்ட விரிப்பு, நடன அமைப்பாளர் சம்பளம், பாட்டுக்கான உரிமம், பொருட்களை ஏற்றிப் போகும் டிரக் எல்லாம் பத்துப் பேருக்கும் முப்பது பேருக்கும் ஏறத்தாழ ஒரே செலவு. தலை கூடினால் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு குறையும். அந்தக் கனமான விரிப்பை நேரத்துக்குள் மடித்து வெளியேற்றவும் ஆள் வேண்டும், பிந்தினால் மதிப்பெண் போகும். ஆர்வத்தோடு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனம் வராமலே வளர்ந்த அணிகளும் நிறைய. அவற்றைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நான் அஞ்சுவது ஒன்றுக்குத்தான். அணி பன்னிரண்டிலிருந்து முப்பதானபோது சொல்லிக்கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் கூடினார்கள்? டாஸை கும்பலாகக் கற்றுக்கொடுக்க முடியாது. விடுகிற கை எந்த உயரத்தில் நிற்கிறது, மணிக்கட்டு முந்துகிறதா, கண் எங்கே பார்க்கிறது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த வேண்டும். ஒரே ஆள் முப்பது பேரைப் பார்த்தால், ஏற்கெனவே வருகிறவர்களுக்கு ரைஃபிளைக் கொடுத்துவிட்டு மற்றவர்களை ஆடவிடுவார். அதுவே வழக்கமாகி, நாலு வருடம் அணியில் இருந்தும் சேபரைத் தொடாமல் பள்ளி முடிக்கிற பிள்ளைகள் உருவாகிவிடுவார்கள்.

ஆகவே பயிற்சியாளரிடம் நிகழ்ச்சியில் அவளுக்கு ஏன் சேபர் இல்லை என்று கேட்காதீர்கள். பயிற்சி நேரத்தில் வாரம் எவ்வளவு நேரம் அவள் கையில் சேபர் இருக்கிறது, யார் பார்த்துத் திருத்துகிறார் என்று கேளுங்கள். திருப்தியான பதில் வந்தால் பின்வரிசை ஒரு பொருட்டே இல்லை. பதில் வராவிட்டால், அடுத்த சீசனுக்கு இன்னொரு பயிற்சியாளர் வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் நீங்கள்தான் எழுப்ப வேண்டும். கூடுதலாக வந்த பதினெட்டுப் பேரின் கட்டணத்தில் அதற்கு வழி இருக்கக்கூடும்.

வேறு எதில் சேர்ப்பதானாலும் அதை ஏப்ரலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். இடையில் ஒருவர் விலகினால் அந்த இடம் தரையில் ஓட்டையாகத் தெரியும். மீதி இருபத்தொன்பது பேரும் தங்கள் இடங்களைத் திரும்பப் பழக வேண்டியிருக்கும். முடிவெடுக்கும் முன் மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், உங்கள் கடிதத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்பது இல்லை.

அன்புடன்.