1 டீபி வாங்கினால் 931 ஜீபி: டிஸ்க் கொள்ளளவு பற்றிய கேள்வி பதில்

கொழும்பின் பல பக்கங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு வன்பொருள் தெரிந்த ஒருவர் தந்த பதில்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, புதுசா 1 டீபி எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். லப்டொப்பில் செருகினால் 931 ஜீபி என்றுதான் காட்டுது. மிச்சம் 69 ஜீபி எங்கே? கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோகலாமா?

பதில்: கொண்டுபோகலாம், ஆனால் மாற்றித் தரும் டிஸ்க்கும் 931தான் காட்டும். கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசா முழுக்க அலைந்தாலும் அதேதான். டிஸ்க் செய்பவர்கள் 1000-ஆல் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. பெட்டியில் 1 டீபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட், அதாவது ஒன்றுக்குப் பின் 12 பூச்சியம். அதை 1024-ஆல் மூன்று தரம் வகுத்துப் பாருங்கள், 931.3 வரும்.

சந்தேகம் இருந்தால் பைட் கணக்கையே பாருங்கள். 'திஸ் பிசி'யில் டிஸ்க் மேல் ரைட் கிளிக் செய்து ப்ரொப்பட்டீஸைத் திறந்தால் 'கெப்பசிட்டி' வரியில் இரண்டு எண்கள் இருக்கும். இடப்பக்கத்து நீள எண்தான் பைட். 1 டீபி டிஸ்க்கில் வழமையாக 512 பைட் கொண்ட 1,953,525,168 செக்டர்கள், அதாவது தரவு எழுதும் சிறு துண்டுகள், இருக்கும். பெருக்கினால் 1,000,204,886,016 பைட். சொன்னதைவிட 20 கோடி பைட் கூடுதலாகவே தந்திருக்கிறார்கள். டிஸ்க்கைப் பிரிவுகளாக (பார்ட்டிஷன்) ஆக்கும்போது அதில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

மற்ற அளவுகளும் இப்படித்தான்: 240 ஜீபி 223 ஆகும், 256 என்றால் 238, 500 என்றால் 465, 512 என்றால் 476. 2 டீபி 1.81 டீபி ஆகும், 4 டீபி 3.63. ஜீபியை 0.931-ஆல் பெருக்குங்கள், டீபியை 0.909-ஆல். வரும் எண்ணும் திரையில் தெரிவதும் ஒத்துப்போனால் ஒன்றும் தொலையவில்லை. ஒத்துப்போகாவிட்டால்தான் விசாரிக்க வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியென்றால் 8 ஜீபி ராம் மட்டும் எப்படிச் சரியாக 8 என்று காட்டுது?

பதில்: ராம் சிப்பில் இடத்தின் எண்ணைச் சொல்லும் முகவரிக் கோடு ஒன்று கூடினால் கொள்ளளவு இரட்டிக்கும். ஆகவே அது இயல்பாகவே 2-இன் அடுக்குகளில் வரும், விற்பவரும் 1024 கணக்கிலேயே விற்கிறார். ஹார்ட் டிஸ்க்கில் அந்தக் கட்டாயம் இல்லை. தட்டில் எத்தனை செக்டர் கொள்ளுமோ அத்தனை. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப்கள் ராமைப் போல 1024 கணக்கில் 256 என்று முழுதாகவே இருக்கும். ஆனால் விற்பது 1000 கணக்கில். இடையில் மிஞ்சும் 7 வீதத்தை எஸ்எஸ்டியை இயக்கும் கொன்ட்ரோலர் சிப் தன் வேலைக்கும் பழுதாகும் பகுதிகளுக்கு மாற்றாகவும் வைத்துக்கொள்ளும். அதே அளவு சிப் போட்டு 240 ஜீபி என்று விற்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குகிறார்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஸ்டூடியோ): எங்கள் மெக்கில் கலியாண வீடியோ ஃபோல்டர் 950 ஜீபி. 931 ஜீபி காட்டும் டிஸ்க்கில் இது கொள்ளாதுதானே?

பதில்: கொள்ளும். 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்டிலிருந்து மெக்கும் 1000 கணக்குக்கு மாறிவிட்டது. உங்கள் 950 ஜீபியை விண்டோஸில் பார்த்தால் 885 அளவில்தான் இருக்கும். அதே டிஸ்க்கை மெக்கில் செருகினால் 1 டீபி என்று முழுதாகவே காட்டும்.

மறுபக்கம்தான் ஆபத்து. விண்டோஸ் கணினியில் 950 ஜீபி காட்டும் ஃபோல்டர் 1000 கணக்கில் 1020 ஜீபி, அது 1 டீபி டிஸ்க்கில் ஏறாது. ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே கணினியில் பாருங்கள்.

கேள்வி (மருதானை): பழைய டெஸ்க்டொப்பில் 4 டீபி டிஸ்க் பூட்டினேன். 2048 ஜீபிக்கு மேல் எடுக்க முடியவில்லை. மிச்சம் 1678 ஜீபி 'அன்அலொக்கேட்டட்' என்று கறுப்பாகக் கிடக்குது.

பதில்: இது 1000, 1024 பிரச்சினை இல்லை. டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய முறையில் தொடக்கியிருக்கிறீர்கள். பிரிவுகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்கும் அட்டவணை அது. எம்பிஆர் அட்டவணை செக்டர் எண்ணை 32 பிட்டில் எழுதுகிறது. 429 கோடிச் சொச்சம் செக்டருக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. அதை 512-ஆல் பெருக்கினால் சரியாக 2048 ஜீபி.

டிஸ்க்கில் ஒன்றும் இல்லையென்றால் ஐந்து நிமிட வேலை. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, அந்த டிஸ்க்கிலுள்ள பிரிவை அழியுங்கள். பிறகு இடப்பக்கம் 'டிஸ்க் 1' என்று எழுதியிருக்கும் சாம்பல் பெட்டியில் ரைட் கிளிக் செய்து 'கன்வேர்ட் டு ஜிபிடி' கொடுங்கள். ஜிபிடி என்பது இந்த எல்லை இல்லாத புதிய அட்டவணை முறை. பிரிவின் மேல் ரைட் கிளிக் செய்தால் அந்தத் தெரிவு வராது, பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கடைசியாக 'நியூ சிம்பிள் வொலியூம்'. தரவு இருந்தால் முதலில் வேறு டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கள், ஏனென்றால் இந்த வழிக்கு டிஸ்க் வெறுமையாக இருக்க வேண்டும்.

விண்டோஸே அந்த டிஸ்க்கில் இருந்தால் வழி வேறு. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. அது தரவை அழிக்காமல் மாற்றும். மாற்றிய பிறகு பயோஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளில்) லெகசி என்ற பழைய தொடக்க முறையை யூஈஎஃப்ஐ என்ற புதிய முறை ஆக்காவிட்டால் கணினி எழும்பாது. உங்கள் மதர்போர்டில் யூஈஎஃப்ஐ இருக்கிறதா என்று முதலே பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதே 4 டீபி டிஸ்க்கைப் பழைய யூஎஸ்பி பெட்டியில் போட்டால் சிலருக்கு மொத்தமே 1678 ஜீபி என்று வரும், 3 டீபி என்றால் 746. அது பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் குறை. 32 பிட்டுக்கு மேல் அதுவும் எண்ணாது. ஜிபிடி ஆக்கினாலும் சரிவராது, பெட்டியைத்தான் மாற்ற வேண்டும். அதுவரை அந்தப் பெட்டி வழியாக டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள்.

கேள்வி (தெஹிவளை): 256 ஜீபி எஸ்எஸ்டி உள்ள லப்டொப். சி டிரைவ் 221 ஜீபி. என் ஃபைல்களைக் கூட்டினால் வருவதைவிடப் பயன்பட்ட இடம் 30 ஜீபி கூடுதலாகக் காட்டுது. வைரஸா?

பதில்: இல்லை. 256 என்பது 238. அதிலிருந்து 221-க்கு இறங்கியது தயாரிப்பாளர் போட்ட ரிக்கவரி பிரிவால் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியும். வேறு பென் டிரைவில் ரிக்கவரி எடுத்து வைக்காமல் அதை அழிக்க வேண்டாம்.

மற்ற 30 ஜீபி மறைந்திருக்கும் ஃபைல்கள்: பேஜ்ஃபைல் (ராம் போதாதபோது உதவுவது), ஹைபர்நேஷன் ஃபைல் (அணைக்கும்போது ராமில் உள்ளதைச் சேமிப்பது), ரெஸ்டோர் பொயின்ட்கள் (பழைய நிலைக்குத் திரும்ப உதவுபவை), அப்டேட்டுக்கென்று விண்டோஸ் ஒதுக்கும் ஏறக்குறைய 7 ஜீபி. ஹைபர்நேஷன் ஃபைல் வழமையாக ராமின் 40 வீதம், 16 ஜீபி ராம் என்றால் 6 ஜீபிக்கு மேல். அது தேவையில்லையென்றால் அட்மினிஸ்ட்ரேட்டராகக் கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோட்டுடன் எச், இடைவெளி, ஓஃப் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே போய்விடும், எஸ்எஸ்டியில் அதைப் பெரிதாக உணரமாட்டீர்கள். பேஜ்ஃபைலில் கை வைக்காதீர்கள்.

கேள்வி (மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்): உபுண்டுவில் 1 டீபி டிஸ்க்கை லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையில் ஃபோமட் செய்தேன். இடத்தைக் காட்டும் டிஎஃப் கொமாண்டில் 916 காட்டுது, பாவிக்கக் கூடியது 870 மட்டும்.

பதில்: 931-இல் 15 ஜீபி ஒவ்வொரு ஃபைலின் விபரத்தையும் குறித்துவைக்கும் ஐநோட் அட்டவணைக்குப் போகிறது. மேலும் 5 வீதத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்குவது அதன் இயல்பு. இயங்குதளம் உள்ள டிஸ்க்கில் அந்த ஒதுக்கீடு நல்லது, இடம் நிரம்பினாலும் ரூட்டாகப் புகுந்து சுத்தம் செய்யலாம். படமும் வீடியோவும் மட்டும் வைக்கும் டிஸ்க்குக்கு 5 வீதம் வீண். டியூன்2எஃப்எஸ் கொமாண்டில் சிறிய எம் தெரிவுக்கு 1 கொடுங்கள். ஃபோமட் தேவையில்லை, 37 ஜீபி அளவு உடனே கிடைக்கும்.

கேள்வி (பொரளை): 60 எம்பி ஃபோல்டரை எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் போட்டால் 2.4 ஜீபி எடுக்குது!

பதில்: டிஸ்க் எக்ஸ்ஃபெட் என்ற ஃபோமட்டில் இருக்கும். 32 ஜீபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் அதன் வழமையான கிளஸ்டர், அதாவது ஒரு ஃபைலுக்குக் கொடுக்கும் ஆகச் சிறிய இடம், 128 கேபி. 3 கேபி ஃபைலும் 128 கேபி இடத்தைப் பிடிக்கும். அப்படி 20,000 ஃபைல் இருந்தால் நீங்கள் சொன்ன கணக்கு வந்துவிடும். ஸிப் செய்து ஒரே ஃபைலாக வையுங்கள். விண்டோஸில் மட்டும் பாவிப்பதென்றால் என்டிஎஃப்எஸ் போதும், அதில் கிளஸ்டர் 4 கேபி.

கேள்வி (வத்தளை): ஒன்லைனில் 16 டீபி எஸ்எஸ்டி மலிவாக வாங்கினேன். விண்டோஸும் 14.5 டீபி என்றுதான் காட்டுது. ஆனால் போட்ட படங்கள் திறக்கவில்லை.

பதில்: கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது. இப்படிப்பட்ட பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு மைக்ரோ எஸ்டி கார்ட் ஒட்டியிருக்கும், 64 ஜீபி அல்லது 128. கொன்ட்ரோலரின் ஃபேம்வெயாரை (அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றிப் பொய் அளவைச் சொல்ல வைத்திருக்கிறார்கள். உண்மையான அளவு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன் பிறகு எழுதுவது பழையதன் மேல் விழும், அல்லது எங்கும் எழுதப்படாது. பெயர்ப் பட்டியல் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருப்பதால் ஃபைல் பெயரும் அளவும் ஒழுங்காகத் தெரியும், திறந்தால்தான் குட்டு வெளிப்படும். விண்டோஸ் காட்டும் எண்ணை இங்கே நம்பவே கூடாது.

உறுதிப்படுத்த எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை எடுங்கள். லினக்ஸிலும் மெக்கிலும் எஃப்3. அவை டிஸ்க்கை நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்க்கும். 16 டீபி முழுக்க ஓடவிட்டால் வாரக்கணக்காகும், ஆகவே அளவு கேட்கும் இடத்தில் 200,000 எம்பி கொடுங்கள். உள்ளே 64 அல்லது 128 இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் அதை எழுத மட்டும் ஐந்தரை மணித்தியாலம் பிடிக்கும்.

முடிவுத் திரையைப் படம் பிடித்து, பற்றுச்சீட்டுடன் விற்றவரிடம் கேளுங்கள். இலங்கை விற்பனையாளர் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977-இல் அழைக்கலாம். அந்த டிஸ்க்கில் இனி ஒன்றும் வைக்காதீர்கள்.

கேள்வி (புறக்கோட்டை, மொத்த வியாபாரக் கடை): கடையில் 4 கமரா. கமராப் பதிவுப் பெட்டியான டிவிஆரில் 2 டீபி போட்டால் 1863 ஜீபி காட்டுது. எத்தனை நாள் பதிவு நிற்கும்?

பதில்: டிவிஆர் செட்டிங்ஸில் ஒவ்வொரு கமராவின் பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை பிட் பதிகிறது என்பதை, பாருங்கள். 4096 கேபிபிஎஸ் என்று இருந்தால் 8-ஆல் வகுக்க விநாடிக்கு 512 கேபி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி, ஆக ஒரு கமராவுக்கு 44.2 ஜீபி, நான்குக்கு 177. பிட்ரேட் 1000 கணக்கில் வருவது. ஆகவே பெட்டியில் உள்ள 2000-ஐ வகுங்கள், 11.3 நாள். திரையிலுள்ள 1863-ஐ வகுத்தால் 10.5 என்று பிழையாக வரும்.

30 நாள் வேண்டுமென்றால் 5.3 டீபி, அதாவது 6 டீபி டிஸ்க். வீடியோவைக் கூடுதலாகச் சுருக்கும் எச்265 முறைக்கு மாற்றிப் பிட்ரேட்டைப் பாதியாக்கினால் 3 டீபியிலேயே முடியும். கமராவும் டிவிஆரும் இரண்டுமே எச்265 ஏற்க வேண்டும். பெரிய டிஸ்க் வாங்குமுன் டிவிஆரின் விபரப் பத்திரத்தில் ஒரு டிஸ்க்குக்கு உச்ச அளவு எவ்வளவு என்றும் பாருங்கள், பழையவை சில 6 டீபியை அடையாளமே காணாது.