தேனீ வளர்க்க எந்தப் புத்தகம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் பெங்களூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தேனீ வளர்ப்பை எங்கே, எதைப் படித்துக் கற்பது என்பதைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்றவள். வீட்டு மொட்டை மாடியில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைக்க விரும்பி, அமெரிக்காவில் வெளியான ஒரு தடித்த ஆங்கில நூலை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பாதி படித்துவிட்டேன், எதுவும் நம் ஊரோடு பொருந்துவதாகத் தெரியவில்லை. எதை முதலில் படிக்க வேண்டும்? – வாசகி, ஜெயநகர்

பதில்: நீங்கள் வாங்கிய நூலில் பிழை இருக்காது, அம்மா. அது பேசுவது வேறொரு தேனீயைப் பற்றி. மேலைநாட்டு நூல்கள் ஏறத்தாழ அனைத்தும் இத்தாலியத் தேனீ என்று நாம் அழைக்கும் ஏபிஸ் மெல்லிஃபெராவைக் கருதியே எழுதப்பட்டவை. உங்கள் மாடிக்கு ஏற்றது இந்தியத் தேனீ, அதாவது ஏபிஸ் செரானா இண்டிகா. தமிழ்நாட்டில் அடுக்குத் தேனீ என்றும் கர்நாடகத்தில் துடுவெ ஜேனு என்றும் சொல்வது இதைத்தான். உருவில் சிறியது, கூட்டத்திலும் எண்ணிக்கை குறைவு, பெட்டியும் சிறியது. அமெரிக்க நூலில் வரும் லாங்ஸ்ட்ராத் பெட்டியின் ஓர் அறைக்குப் பத்துச் சட்டங்கள், அதாவது தேனீ அடை கட்டும் மரச் சட்டகங்கள். நம் ஊரில் பரவலாக உள்ள நியூட்டன் பெட்டியில், முட்டையும் புழுவும் வளரும் கீழ்த்தட்டுக்கு ஏழு சிறு சட்டங்கள். இந்தப் பெட்டி நியூட்டன் என்ற பாதிரியார் 1910களில் திருச்சியில் நம் தேனீக்கென்று வடிவமைத்தது என்பது தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது.

அளவு மட்டுமல்ல, நடத்தையும் மாறுகிறது. மேலைநாட்டு நூல்களில், மரங்களிலிருந்து சேர்த்துப் பெட்டியின் இடுக்குகளை அடைக்கும் தேனீப் பிசின் பற்றிப் பக்கம் பக்கமாக வரும். இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. இத்தாலியத் தேனீ வாசலில் நின்று காற்றுக்காக இறகால் விசிறும்போது தலையைப் பெட்டியின் பக்கம் வைத்துக்கொள்ளும். நம்முடையது வெளிப்பக்கம் பார்த்து நின்று விசிறும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியத் தேனீயின் அடையில் ஆண் புழு வளரும் சிறு அறைகளை மூடியிருக்கும் மெழுகு மூடியின் நடுவில் ஊசி குத்தியதைப் போல் ஒரு சிறு துளை இருக்கும். இது இயல்பானது. வெளிநாட்டு நூலை மட்டும் படித்தவர்களோ, மூடியில் துளை இருந்தால் நோய் என்று பயந்து அடையையே வெட்டி எறிந்துவிடுவார்கள்.

ஆகவே முதல் நூலாக நான் சொல்வது, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1990இல் வெளியிட்ட 'பீகீப்பிங் இன் ஏசியா'. தாய்லாந்து ஆய்வாளர் பொங்தெப் அக்ரதனகுல் எழுதிய இந்நூல் ஆசியத் தேனீக்களையே மையமாகக் கொண்டது, எளிய ஆங்கிலம், இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதே நிறுவனம் 2009இல் வெளியிட்ட நிக்கோலா பிராட்பியரின் நூல் காடும் தேனும் சார்ந்த வாழ்வாதாரங்களைப் பற்றியது என்றாலும், தேனீ இனங்களை அறிமுகம் செய்யும் பகுதிகள் தெளிவானவை.

இரண்டாவதாக, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1962இல் வெளியிட்ட சர்தார் சிங்கின் 'பீகீப்பிங் இன் இந்தியா'. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இத்தாலியத் தேனீ இந்நாட்டில் வேரூன்றுவதற்கு முன் எழுதப்பட்டது என்பதே அதன் பலம்; இந்தியத் தேனீயைத் துணை அத்தியாயமாகத் தள்ளிவிடாமல் நடுவில் வைத்துப் பேசுகிறது. அதில் ஒரு குறையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்த தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் அந்நூலுக்குப் பிற்பட்டது. புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்பே இறந்து, நீர் நிறைந்த சிறு பைகளைப் போல், தலைப்பக்கம் மேல்நோக்கி வளைந்த படகு வடிவில் அறைக்குள் கிடக்கும். இதற்கு மருந்து இல்லை. ஆதலால் நோய்ப் பகுதியை மட்டும் பிற்கால வெளியீடுகளில் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாங்கிய தடித்த நூலைத் தூக்கி எறிய வேண்டாம். தேனீயின் உடலமைப்பு, ராணியின் முட்டையிடல், பணித்தேனீக்கள் வயதுக்கேற்ப வேலை மாற்றிக்கொள்வது ஆகிய பகுதிகள் பெரும்பாலும் இரண்டு இனத்துக்கும் பொது. மாதவாரியான நாட்காட்டியை மட்டும் மறந்துவிடுங்கள். அங்கே பஞ்ச காலம் பனிக்காலம். இங்கே ஆனி முதல் புரட்டாசி வரையிலான மழைக்காலம்.

இதை நான் அனுபவப்பட்டே சொல்கிறேன். முதல் ஆண்டு நானும் ஓர் ஆங்கில நூலை வேதமாக வைத்துக்கொண்டு, 'கோடையில் வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்' என்ற வரியின்படி ஜூலை மாதத் தூறலில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெட்டியைத் திறந்தேன். அந்நூலின் ஜூலை பூக்காலம் என்பதும், என் ஜூலையில் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு வைத்துத் தாங்க வேண்டும் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. நான்காம் ஞாயிறு திறந்தபோது பெட்டிக்குள் சத்தமே இல்லை. அடைகள் வெறுமையாக இருந்தன. ஒரு மூலையில் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் நூலாம்படை பின்னியிருந்தன. பசியும் தொந்தரவும் சேர்ந்தால் இந்தியத் தேனீ கூட்டம் முழுவதுமாகப் பெட்டியை விட்டு ஓடிப்போய்விடும். இத்தாலியத் தேனீ இவ்வளவு எளிதில் கோபித்துக்கொண்டு போகாது என்பதால், அந்த நூலில் இதற்கு இரண்டு வரி கூட இல்லை.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழில் படிக்க ஏதாவது உண்டா? – வாசகர், அல்சூர்

பதில்: உண்டு. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் தேனீ வளர்ப்புக்கென்று தமிழ்ப் பக்கங்கள் இருக்கின்றன. இனங்கள், பெட்டியின் பாகங்கள், கூட்டம் பிரித்தல், பூச்சி நோய் மேலாண்மை என்று அடிப்படைகள் அனைத்தும் அங்கே கிடைக்கும். எழுத்து நடை சற்றே அரசாணை போல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையினர் பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறார்கள். கோவைக்குப் போகும் வேலை இருந்தால், தேதியை முன்கூட்டியே கேட்டு அதோடு பொருத்திக்கொள்ளலாம். குமரி மாவட்டத்தில் உறவினர் இருந்தால் இன்னும் நல்லது. மார்த்தாண்டம் பகுதியில் நூறாண்டுக் காலமாகப் பழகிவரும் தொழில் இது; அங்கே ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்திருப்பவரோடு ஒரு பகல் சுற்றினால் பத்து அத்தியாயம் படித்ததற்குச் சமம்.

ஆனால் பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் மட்டும் தேடினால் பாதி வாசல்தான் திறக்கும். இங்கே கையருகில் கிடைக்கும் கையேடுகளும் பயிற்சிகளும் கன்னடத்தில்தான். பல்லாரி சாலையில் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேனீ வளர்ப்புக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் கிருஷி மேளாவுக்குப் போனால், பெட்டியையும் சட்டத்தையும் கையில் எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். அல்சூரில் இத்தனை ஆண்டு இருந்த உங்களுக்குக் கன்னடம் பேசத் தெரியும் என்றே நம்புகிறேன். சில சொற்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: துடுவெ ஜேனு என்றால் நம் அடுக்குத் தேனீ, ஹெஜ்ஜேனு மலைத்தேனீ, கோலு ஜேனு கொம்புத் தேனீ, நசரு ஜேனு கொசுத்தேனீ. இந்த நான்கையும் தெரியாமல் போய் 'ஜேனு வேண்டும்' என்று மட்டும் கேட்டால் தேன் பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

கேள்வி: யூடியூப் காணொளிகளைப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா? புத்தகம் படிக்க நேரம் இல்லை. – வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: தேனீக்களை அமைதிப்படுத்தப் புகை விடும் புகைப்பானில் எதை நிரப்புவது, சட்டத்தை எப்படித் தூக்குவது என்பவற்றைக் காணொளியில் பார்ப்பதே நல்லது; எழுத்தில் விளக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். சட்டத்தைப் படுக்கைவாக்கில் சாய்த்தால் புது அடை தேன் கனத்தில் முறிந்து விழும் என்பதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஆனால் காணொளியில் தெரியாதவை சில உண்டு. மூடிய தேன் அறைக்கும் மூடிய புழு அறைக்கும் உள்ள வேறுபாடு அவற்றுள் முக்கியமானது. தேன் மூடி வெளிறி, சற்றுச் சுருங்கி, உள்வாங்கினாற்போல் இருக்கும். புழு மூடி பழுப்பாக, சிறிது மேடிட்டு, ரொட்டியின் மேற்புறம் போல் காற்றுப் புகும் தன்மையோடு இருக்கும். கைபேசித் திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இதை நேரில் ஒருவர் காட்ட வேண்டும்.

இன்னொன்று, வெறுங்கையோடு தேனீக்களை அள்ளிக் காட்டும் வீரர்களைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். தேனீக் கொட்டு சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், முகமும் தொண்டையும் வீங்குதல் ஆகியவை தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகவலை இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள். முதல் சில தடவை தனியாகவும் திறக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் பெரிய தேன்கூடு கட்டியிருக்கிறது. பத்து வயது மகன் அதைப் பெட்டியில் மாற்றி வளர்க்கலாம் என்கிறான். அவன் படிக்க ஏதாவது சொல்லுங்கள். – வாசகி, எலஹங்கா

பதில்: உயரமான கட்டடத்தில் ஒற்றை அடையாக, திறந்தவெளியில், முறம் போல் தொங்கினால் அது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. அதற்கு இருட்டும் அடுக்கடையும் ஒத்துவராது. அது இடம் மாறிக்கொண்டே இருக்கும் இனம் என்பதால், பூக்காலம் முடிந்ததும் பெரும்பாலும் தானே கிளம்பிவிடும். பால்கனிக் கதவைச் சாத்தி, இரவில் அங்கே விளக்கைப் போடாமல் இருங்கள். பையனைக் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு கார்ல் வான் ஃப்ரிஷின் கதையைச் சொல்லுங்கள். தேனீக்கள் ஆடும் ஆட்டத்தின் திசையிலும் நேரத்திலும் பூ இருக்கும் இடத்தைச் சொல்லுகின்றன என்று கண்டறிந்தவர். 1973இல் நோபல் பரிசு பெற்றார். தாமஸ் சீலியின் 'ஹனிபீ டெமாக்ரசி' (2010), பிரிந்துபோகும் தேனீக் கூட்டம் புது வீட்டை எப்படிக் கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கிறது என்பதைச் சொல்லும் நூல். பத்து வயதுக்கு அது அதிகம். நீங்கள் படித்து இரவில் கதையாகச் சொல்லலாம். குடியிருப்புச் சங்கக் கூட்டங்களுக்குப் போய் வருபவர்கள் அதைக் கூடுதலாக ரசிப்பார்கள்.

கேள்வி: ஓராண்டாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், லாங்ஸ்ட்ராத் எழுதிய பழைய நூலைக்கூடப் படித்துவிட்டேன். இன்னும் பெட்டி வாங்கத் துணிவில்லை. இனி எதைப் படிப்பது? – வாசகர், ராஜாஜிநகர்

பதில்: 1853இல் வந்த அந்த நூலை இலவசமாக இணையத்தில் பெற்று நீங்கள் படித்து முடித்திருப்பது மகிழ்ச்சி. அடைகளுக்கிடையே தேனீ நடமாட விடும் சிறு இடைவெளியை, ஏறத்தாழ ஒன்பதரை மில்லிமீட்டரை, 1851இல் உணர்ந்து கழற்றி மாட்டும் சட்டங்களை அமைத்தவர் அவர். நம் தேனீக்கு அந்த இடைவெளி இன்னும் குறைவு. தச்சரிடம் பெட்டி செய்யக் கொடுத்தால் அமெரிக்க அளவைக் கொடுத்துவிடாதீர்கள். விட்ட இடமெல்லாம் குறுக்கடை கட்டிச் சட்டத்தைத் தூக்க முடியாமல் செய்துவிடும்.

இனிப் படிக்க வேண்டியது நீங்களே எழுதப்போகும் நூலைத்தான். கடையில் கோடு போட்ட நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பெட்டி வாங்குவதற்கு முன்பே, உங்கள் தெருவிலும் அருகிலுள்ள பூங்காவிலும் எந்த மரம் எந்த வாரத்தில் பூக்கிறது என்று எழுதத் தொடங்குங்கள். புங்கை, வேம்பு, முருங்கை, தைலமரம், சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பூத்த தேதியோடு, காலை எட்டு மணிக்கு அதில் தேனீ வருகிறதா, வந்தால் எந்தத் தேனீ, காலில் மகரந்த உருண்டை இருக்கிறதா, அதன் நிறம் என்ன என்பதையும் குறியுங்கள். மஞ்சரளிக்கும் போகன்வில்லாவுக்கும் பக்கம் ஒதுக்க வேண்டாம். எந்த நூலும் ராஜாஜிநகருக்கென்று பூ நாட்காட்டி போட்டுத் தராது.

பெட்டி வந்த பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நான்கு செய்திகளை மட்டும் எழுதுங்கள்: முட்டை தெரிந்ததா, எத்தனை சட்டத்தில் புழு, எத்தனை சட்டத்தில் தேன், எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் காலடியில் வைக்கும் கிண்ணத்தில் தண்ணீர் இருந்ததா. ராணியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். அறையின் அடியில் அரிசி நுனி போல் நிற்கும் முட்டை தெரிந்தால் மூன்று நாளைக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று பொருள். நோட்டைப் பெட்டியின் மேல்மூடிக்குள் வைக்க வேண்டாம். நான் வைத்தேன்; அட்டையை மெழுகால் ஒட்டி, பிப்ரவரிப் பக்கங்களைக் கடித்துத் துகளாக்கி வாசலில் தள்ளிவிட்டன.