"நான் தைரியசாலி" என்று சொன்னால் மனம் மறுக்கிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர், பத்து வயது மகள் என்று அளவான குடும்பம். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அலுவலகக் கூட்டங்களில் வாய் திறக்க வேண்டும் என்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பேன். அதையே பக்கத்தில் இருப்பவர் சொல்லிப் பாராட்டு வாங்கும்போது என்மீதே எனக்கு வெறுப்பு வரும்.

சென்ற ஆண்டு ஒரு பயிற்சி வகுப்பில், தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் தைரியசாலி, நான் எதையும் சாதிப்பேன், என்னை எல்லோரும் மதிக்கிறார்கள்" என்று உரக்கச் சொல்லும்படி கற்றுக்கொடுத்தார்கள். விடாமல் சொல்லி வருகிறேன். தொடக்கத்தில் உற்சாகமாக இருந்தது. இப்போது சொல்லி முடிப்பதற்குள் "யாரை ஏமாற்றுகிறாய்?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. சொல்லாத நாட்களைவிடச் சொன்ன நாட்களில்தான் மனம் அதிகம் சோர்ந்துபோகிறது. வகுப்பு நடத்தியவரிடம் கேட்டேன். முழு நம்பிக்கையோடு சொல்லாததுதான் காரணம் என்று சொல்லிவிட்டார்.

என் தோழி வேறு வழி சொல்கிறாள். "நான் ஏன் இவ்வளவு தைரியமாக இருக்கிறேன்?" என்று கேள்வியாகக் கேட்டால் மனம் தானாகவே விடை தேடத் தொடங்கிவிடுமாம். எனக்குக் கேள்விகள் என்றாலே பயமாக இருக்கிறது. இரவு படுத்தால் "நான் ஏன் இப்படி இருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை" என்ற கேள்விகள்தான் தூங்கவிடுவதில்லை. இன்னும் கேள்விகள் தேவையா? என் மகளையும் தினமும் அந்த வாசகங்களைச் சொல்ல வைக்கிறேன். அவளுக்குத் தீங்கு செய்கிறேனோ என்ற கவலையும் இருக்கிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தக் குற்றவுணர்வை இறக்கி வையுங்கள். பலித்தால் பெருமை பயிற்சிக்கு, பலிக்காவிட்டால் பழி உங்களுக்கு என்பது என்ன நியாயம்? உங்களுக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்கிறது. உளவியல் ஆய்விலும் அது பதிவாகியிருக்கிறது.

நல்ல வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கத்தைப் பெரிதாகப் பரப்பியவர் எமில் கூவே என்ற பிரெஞ்சு மருந்தாளர். "ஒவ்வொரு நாளும், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் நலமடைந்து வருகிறேன்" என்ற அவருடைய வாசகம் 1920களில் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நெடுங்காலம் கழித்து, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். "நான் அன்புக்குரியவள்" என்பது போன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்பு ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களுக்குச் சற்று நன்றாக இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, அதைச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்கு அந்த வாசகம் அதிகம் தேவைப்பட்டதோ அவர்களையே அது காயப்படுத்தியிருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த வாசகம் எப்படியெல்லாம் உண்மை என்று மட்டும் நினைக்கச் சொன்னபோது, தன்மதிப்பு குறைந்தவர்கள் சோர்ந்தார்கள். அது உண்மையாக இருக்கும் விதம், இல்லாத விதம் இரண்டையும் நினைக்க இடம் கொடுத்தபோது அவ்வளவு சோரவில்லை. உங்களுக்குள் கேட்கும் அந்தக் குரலை அடக்க முயல வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அது உங்கள் எதிரி இல்லை. ஆதாரம் கேட்கிறது, அவ்வளவுதான்.

இனி தோழி சொன்ன வழிக்கு வருகிறேன். கேள்விக்குப் பலன் உண்டு என்று காட்டும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் செனாய், டொலோரஸ் அல்பராசின் உள்ளிட்டோர் நடத்திய அந்த ஆய்வு 2010-இல் வெளியானது. கையெழுத்துப் பயிற்சி என்ற பெயரில் சிலரை "செய்வேன்" என்ற பொருள்பட எழுத வைத்தார்கள், வேறு சிலரை "செய்வேனா?" என்ற பொருள்பட எழுத வைத்தார்கள். பிறகு, எழுத்துகள் கலைந்து கிடக்கும் சொற்களைச் சீர்படுத்தும் புதிர்களைக் கொடுத்தார்கள். கேள்வியாக எழுதியவர்கள் கூடுதலான புதிர்களை விடுவித்தார்கள். கேள்வி கேட்கும்போது ஒருவர் தனக்கே உரிய காரணங்களைத் தேடிக்கொள்கிறார் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சொற்புதிரும் வாழ்க்கையும் ஒன்றல்ல என்பதால், இதை ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வியைப் பாருங்கள். "செய்வேனா?" என்பதற்கு "மாட்டேன்" என்றும் பதில் சொல்லலாம். "நான் ஏன் இவ்வளவு தைரியமாக இருக்கிறேன்?" என்ற கேள்விக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நீங்கள் தைரியசாலி என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுத்தான் அது பேச்சையே தொடங்குகிறது. கண்ணாடி முன் சொன்ன அதே வாசகத்துக்கு முன்னால் ஓர் "ஏன்" சேர்ந்திருக்கிறது. ஏற்கெனவே கொஞ்சம் துணிவு உள்ளவருக்கு அது உதவலாம். உங்கள் மனமோ "எங்கே தைரியமாக இருக்கிறாய்?" என்றுதான் திருப்பிக் கேட்கும்.

இரவில் வரும் கேள்வியிலும் இதே குறைதான். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்று கேட்கும்போதே உங்களிடம் ஏதோ கோளாறு என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதற்கு முடிவான பதில் கிடையாது. எத்தனை மணி நேரம் யோசித்தாலும் அடுத்த குறைதான் கண்ணில் படும். இப்படி வருத்தத்தையே சுற்றிச் சுற்றி நினைப்பது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதை சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஆகவே உங்கள் பயம் நியாயமானது. கேள்விகளை விட்டுவிட வேண்டியதில்லை, வகையை மாற்றினால் போதும். உண்மையான பதில் கிடைக்கக்கூடிய, சிறிய, குறிப்பான கேள்வியாக இருக்க வேண்டும். "ஏன்" என்பதைவிட "எப்போது", "எது", "எப்படி" ஆகியவை உங்களுக்கு உகந்தவை.

ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் தம்பதியர் உருவாக்கிய ஆலோசனை முறையில் நான் மிகவும் நம்பிப் பயன்படுத்தும் கேள்வி ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் பேசும் துணிவுக்கு 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் கொடுங்கள். 2 என்று வைத்துக்கொள்வோம். "ஏன் 10 இல்லை?" என்று நான் கேட்கமாட்டேன். "எதை வைத்து 0 போடாமல் 2 போட்டீர்கள்?" என்று கேட்பேன். எப்போதோ ஒருவருக்கு விளக்கம் சொல்லியிருப்பீர்கள், தவறான கணக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டியிருப்பீர்கள். இந்தப் பதிலை எந்தக் குரலும் பொய் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது நடந்தது. அடுத்து, "3 ஆக வேண்டுமானால் என்ன கண்ணுக்குத் தெரிய வேண்டும்?" என்று கேட்டு, அதையும் தாளில் எழுதுங்கள். மனத்துக்குள் மட்டும் கேட்டால் பழைய புலம்பல் எளிதில் உள்ளே நுழைந்துவிடும்.

கூட்டம் உள்ள நாளில் காலையில் "இன்று ஒரு வாக்கியமாவது பேசுவேனா?" என்று கேளுங்கள். "மாட்டேன்" என்று பதில் வந்தால் அதோடு சண்டை போட வேண்டாம். "எது கையில் இருந்தால் பேசுவேன்?" என்று கேளுங்கள். சொல்ல வேண்டிய எண்களைக் குறித்து வைத்திருப்பதாக இருக்கலாம், கூட்டத்தை நடத்துபவரிடம் "இந்த விஷயம் வரும்போது என்னைக் கேளுங்கள்" என்று முன்பே சொல்லி வைப்பதாக இருக்கலாம். அதைச் செய்துவிடுங்கள். பதில் செயலில் போய் முடியாவிட்டால் நல்ல கேள்வியும் வெறும் வாசகமாகிவிடும். தன்னால் முடியும் என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று, தானே செய்து பார்த்த அனுபவம்தான் என்பது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் முன்வைத்த கருத்து. என் அனுபவமும் அதையே சொல்கிறது.

படுக்கையில் எந்தக் கேள்வியையும் தொடங்க வேண்டாம். பழைய "ஏன்" வந்தால், "இன்று எந்த இடத்தில் தொண்டை அடைத்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது?" என்று மாற்றி, ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் அநேகமாகத் தினமும் நீடித்தால், தூக்கமும் பசியும் குலைந்தால், அல்லது வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பிறர் முன் பேசும் பயம் சமூகப் பதற்றமாக வளர்ந்திருந்தாலும் அதற்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற நல்ல சிகிச்சை இருக்கிறது.

மகளுக்குத் தீங்கு எதுவும் செய்துவிடவில்லை. அவளுக்கு அந்த வாசகங்கள் பிடித்திருந்தால் சொல்லட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். மாலையில் "இன்று எது கடினமாக இருந்தது? அப்போது என்ன செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றும் செய்யவில்லை, அழுதேன்" என்று அவள் சொன்னால், அவசரமாகத் தேற்றாமல் முழுவதையும் கேளுங்கள். அவள் திருப்பி அதே கேள்வியை உங்களிடம் கேட்டால், அலுவலகக் கூட்டத்தில் நடந்ததை உள்ளபடியே சொல்லுங்கள்.