அலுவலகத்தின் பழைய சர்வரை மாற்றுகிறோம், எத்தனை டிபி (டெராபைட்) ஸ்டோரேஜ் கேட்கலாம்?

கடலூரில் அரசு அலுவலகம், சர்வர் நிரம்பிவிட்டது, எத்தனை டிபிக்கு எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் ஸ்கேனரைப் பாருங்கள், எவ்வளவு இடம் வேண்டும் என்பது பக்கங்களை எப்படி ஸ்கேன் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கலரில் சுருக்காமல் வைத்தால் சுமார் 25 எம்பி, அதே பக்கம் வெறும் கறுப்பு வெள்ளையில் 1 எம்பி சொச்சம்தான். பழைய பட்டாவுக்கும் ரசீதுக்கும் எதற்குக் கலர்? (முத்திரை, பச்சை மை கையெழுத்து உள்ள பக்கம் என்றால் சரி, வையுங்கள்.)

அப்புறம், 8 டிபி டிஸ்க் எட்டு வாங்கினால் 64 டிபி கிடைக்காது. ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் கெட்டாலும் தகவல் போகாதபடி டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை) போட்டால் இரண்டு டிஸ்க் அளவு அதற்கே போய் 48 டிபிதான் மிஞ்சும், டெண்டரில் எழுதும்போது பயன்படுத்தக்கூடிய அளவு என்று தெளிவாகக் கேளுங்கள், இல்லையென்றால் மொத்தக் கணக்கைக் காட்டிவிடுவார்கள்.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். டிஸ்க் கெட்டால்தான் ரெய்டு காப்பாற்றும். ஒருவர் ஃபோல்டரை அழித்தாலோ ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தாலோ எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் போய்விடும். தனிப் பிரதிகள் கட்டாயம், அவற்றில் ஒன்று நெட்வொர்க்கில் இணையாமல் இருக்கட்டும்.

நம் ஊரில் 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2015ல் வெள்ளம். அதனால் சர்வர் தரைத்தளத்தில் வேண்டாம். வெளியூர்ப் பிரதியைச் சென்னையில் மட்டும் வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை, 2015ல் இரண்டு ஊரும் சேர்ந்துதான் மூழ்கின. திருச்சி மாதிரி உள்ளே தள்ளிய ஊராகப் பாருங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து கோப்புகளை மீட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.