அனுபவம் இல்லாத மாணவி ரெஸ்யூமேயில் எதை எழுதுவது?

கேள்வி: நான் வணிகவியல் இறுதியாண்டு மாணவி. கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. ஓராண்டாக எங்கள் துறை மாணவர் மன்றத்தின் வரவுசெலவுக் கணக்கைப் பார்க்கிறேன். மாலையில் பள்ளி மாணவர்கள் நால்வருக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். வேறு அனுபவம் இல்லை. இணையத்தில் அறிமுகமான ஒருவர், நிறுவனங்களின் மென்பொருள் 95 மதிப்பெண் தரும்படி ரெஸ்யூமே தயாரித்து, ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழும் சேர்த்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அவர் விற்கும் இரண்டு பொருள்களில் ஒன்று உங்களுக்குத் தேவையில்லாதது, மற்றொன்று உங்களைக் கெடுக்கக்கூடியது. உங்கள் கடிதத்தின் நடுவில், அனுபவம் என்ற கணக்கிலேயே சேர்க்காமல் நீங்கள் சொல்லிவிட்டுப் போன இரண்டு வரிகள்தாம் உங்கள் ரெஸ்யூமே. அதை எப்படி எழுதுவது என்று சொல்வதற்கு முன்னால் அந்த இடைத்தரகரைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ஆட்சேர்ப்புப் பணியில் இருந்த ஆண்டுகளில் இத்தகையவர்களிடம் ஏமாந்து வந்த பிள்ளைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 95 மதிப்பெண். பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு வரும் விண்ணப்பங்களை ஒரு மென்பொருளில் சேர்த்து வைக்கின்றன என்பது உண்மை. ஏடிஎஸ் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். ஒர்க்டே, ஆரக்கிள், கிரீன்ஹவுஸ் எனப் பல நிறுவனங்கள் அவற்றைத் தயாரிக்கின்றன. உங்கள் ரெஸ்யூமேயிலிருந்து பெயர், படிப்பு, திறன்கள் ஆகியவற்றைப் பிரித்தெடுத்துப் பதிவு செய்வதும், ஆள் எடுப்பவர் ஒரு சொல்லைத் தேடினால் அந்தச் சொல் உள்ள விண்ணப்பங்களைக் காட்டுவதும் அதன் அடிப்படை வேலைகள். ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தன் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்கிறது. ஆகவே எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு மதிப்பெண் என்பது எங்கும் கிடையாது. அந்த நபர் காட்டும் எண், அவர் கையில் வைத்திருக்கும் ஏதோ ஒரு கருவி போடும் எண். அதை எந்த நிறுவனமும் பார்க்கப் போவதில்லை. வேலை அறிவிப்பில் உள்ள சொற்களையெல்லாம் வெள்ளை எழுத்தில், கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் அடியில் நிரப்பித் தருபவர்களும் உண்டு. மென்பொருள் பிரித்தெடுத்த வாசகத்தைத் திரையில் பார்க்கும்போது அந்தச் சொற்குவியல் முழுவதும் தெரிந்துவிடும்.

மென்பொருள் உங்களைத் தவறாகப் படித்துவிடாமல் இருக்க நீங்களே செய்யக்கூடியது எளிது. பக்கத்தைப் பிரிக்காமல் ஒரே நெடுவரிசையாக, மேலிருந்து கீழாக எழுதுங்கள். பக்கத்தை இரண்டாகப் பிளக்கும் அலங்கார டெம்ப்ளேட், கட்டங்கள், திறமையை நட்சத்திரங்களால் காட்டும் படங்கள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கல்வி, அனுபவம், திறன்கள் என்று எல்லோரும் அறிந்த தலைப்புகளையே போடுங்கள். அறிவிப்பில் வேறு வடிவம் கேட்காதவரை பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, அதைத் திறந்து, எழுத்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் வரிசை மாறாமல் வந்தால் மென்பொருளும் பெரும்பாலும் அப்படியே படிக்கும். எழுத்தே வரவில்லை என்றால் உங்கள் கோப்பு வெறும் படமாக இருக்கிறது என்று பொருள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும், காசு எதுவும் ஆகாது.

அடுத்தது பயிற்சிச் சான்றிதழ். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: அது பொய் ஆவணம். பல நிறுவனங்கள் வேலை உத்தரவு கொடுத்த பிறகு, சில சமயம் சேர்ந்த பிறகும்கூட, முந்தைய பணி விவரங்களைச் சரிபார்க்கும். அந்த முகவரியில் அப்படியோர் அலுவலகமே இல்லை என்று தெரிந்தால், அன்றுவரை நன்றாக வேலை செய்தவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். சரிபார்ப்பு வரைகூடப் போக வேண்டியதில்லை. நேர்முகத் தேர்வில் 'அந்த ஆறு மாதத்தில் தினமும் காலையில் முதலில் என்ன வேலை செய்வீர்கள்?' என்று கேட்டால் போதும். செய்யாத வேலையின் காலைப் பொழுதை யாராலும் நம்பும்படி விவரிக்க முடியாது. விற்றவர் அந்த அறையில் இருக்க மாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997 இல் நிறைவேற்றிய 181 ஆம் எண் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று தன் 7 ஆவது பிரிவில் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் நியாயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஆள் தேவைப்படுகிற நிறுவனமே முகமைக்குப் பணம் தர வேண்டும். இன்று ரெஸ்யூமேவுக்குப் பணம் வாங்குபவர் நாளை பதிவுக் கட்டணம், நேர்முகத் தேர்வுக் கட்டணம், மடிக்கணினிக்கு வைப்புத்தொகை என்று வருவார். அவருக்கு அடையாள அட்டை எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி எதையும் அனுப்பாதீர்கள். ரெஸ்யூமேயிலும் அவை வேண்டாம். பெயர், ஊர், தொலைபேசி எண், ஒழுங்கான மின்னஞ்சல் முகவரி ஆகியவை போதும். திருமண நிலை, மதம், பெற்றோர் பெயர் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு உதவியாளர் வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவது என்ன? பணத்தைப் பதிவு செய்யத் தெரிந்தவர், ரசீதைத் தொலைக்காதவர், கணக்கு ஒத்துவராதபோது எங்கே பிசகியது என்று பொறுமையாகத் தேடுபவர். இதைத்தான் நீங்கள் ஓராண்டாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். சம்பளம் வரவில்லை என்பதால் அது அனுபவம் இல்லாமல் போய்விடாது. ஆனால் 'மாணவர் மன்றப் பொருளாளர்' என்று பதவியை மட்டும் எழுதினால் அது பயன்படாது. 'கடின உழைப்பாளி, கூட்டாகப் பணியாற்றும் பண்பு, விரைவில் கற்றுக்கொள்ளும் ஆர்வம்' என்பவையும் அப்படியே. விண்ணப்பிக்கும் எல்லோரும் எழுதும் அந்த வரிகளைப் படிப்பவரின் கண் தாண்டிப் போய்விடும்.

மன்றத்தின் கணக்கேட்டை எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஓராண்டில் எத்தனை பதிவுகள் போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். எத்தனை நிகழ்ச்சிகளுக்கு வரவுசெலவுத் திட்டம் போட்டீர்கள், எதில் மிச்சம் வந்தது, வங்கிக் கணக்கோடு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டீர்கள், ஆண்டு முடிவில் யார் தணிக்கை செய்தார்கள், என்ன குறை சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் செயலில் தொடங்கும் ஒரு வரியாக ஆக்குங்கள். எடுத்துக்காட்டாக, 'ஒவ்வொரு மாதமும் ரசீதுகளை எக்செல்லில் பதிவு செய்து, வங்கி அறிக்கையுடன் ஒப்பிட்டு, வேறுபாடுகளைத் திருத்தி, துறைத் தலைவரிடம் அறிக்கை அளித்தேன்' என்பது ஒரு வரி. அதில் உங்கள் ஏட்டிலிருந்து எண்ணி எடுத்த உண்மையான எண்ணைச் சேர்த்தால் அது இன்னும் வலுப்பெறும். எண் சிறியதாக இருக்கிறதே என்று கூட்டிச் சொல்லாதீர்கள். நாற்பது ரசீதை ஒழுங்காக வைத்திருந்தவரை நம்பலாம், நானூறு என்று சொல்லித் தடுமாறுபவரை நம்ப முடியாது. குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று பிரித்து எழுதுங்கள்.

பாடம் சொல்லித் தருவதையும் விடாதீர்கள். நான்கு பிள்ளைகள், எத்தனை மாதங்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரே வரி போதும். தெரியாதவருக்குக் கணக்கை விளங்கவைக்கும் பொறுமையும், ஒப்புக்கொண்ட நேரத்துக்குத் தவறாமல் வரும் பழக்கமும் அதில் தெரியும். இவற்றுக்கு மேலே படிப்பு. அதில் பட்டம், முடிக்கும் ஆண்டு, மதிப்பெண் நன்றாக இருந்தால் அதுவும், வேலைக்குத் தொடர்புள்ள இரண்டு மூன்று பாடங்கள். கீழே திறன்கள், உட்கார வைத்துச் செய்யச் சொன்னால் உங்களால் செய்ய முடிந்தவை மட்டும். எக்செல் தெரியும் என்று எழுதாமல், அதில் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) தெரியுமா, விலுக்அப் (ஒரு பட்டியலில் தேடி உரிய மதிப்பை எடுத்துத் தரும் சூத்திரம்) தெரியுமா என்று எழுதுங்கள். வேலை அறிவிப்பு 'வங்கி ஒப்பீடு' என்று சொன்னால் நீங்களும் அந்தச் சொல்லையே ஆளுங்கள். மேலே சொன்ன மென்பொருளுக்கு நீங்கள் செய்ய வேண்டிய நேர்மையான உதவி அதுதான்.

அரைப் பக்கம் என்று கவலைப்பட்டீர்களே, இவையெல்லாம் சேர்ந்தால் ஒரு பக்கம் தானாக நிரம்பும். ஒரு பக்கத்துக்கு மேல் போகவும் கூடாது. இதற்கு நான் ஒப்புக்கொள்ளும் விலக்கு ஒன்று உண்டு. அதைப் பலர் குழப்பிக்கொள்வதால் விரிவாகவே சொல்கிறேன். மேற்படிப்புக்கோ ஆராய்ச்சி உதவியாளர் இடத்துக்கோ விண்ணப்பிக்கும்போது 'சி.வி.' கேட்பார்கள். ரெஸ்யூமே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுருக்கம் என்று பொருள், சி.வி.யின் விரிவான கரிகுலம் விட்டே என்ற லத்தீன் தொடருக்கு வாழ்க்கையின் ஓட்டம் என்று பொருள். பொருளிலேயே வேறுபாடு இருக்கிறது. ஆராய்ச்சிக்குரிய சி.வி.யில் ஆய்வுத் திட்டம், கருத்தரங்கில் படித்த கட்டுரை, வழிகாட்டிய பேராசிரியர், பரிசுகள் என்று எதையும் விடாமல் எழுதலாம், இரண்டு மூன்று பக்கம் போனாலும் குற்றமில்லை. ஆனால் சில நாடுகளில் சாதாரண வேலைக்கான ஒரு பக்கக் குறிப்பையும் சி.வி. என்றே அழைக்கிறார்கள். ஆகவே சொல்லைப் பார்த்து முடிவு செய்யாமல், கேட்பவர் பல்கலைக்கழகமா நிறுவனமா என்று பாருங்கள். நீங்கள் விண்ணப்பிப்பது நிறுவனத்துக்கு. உங்களுக்கு ஒரு பக்கமே.

உங்களை இந்த இடைத்தரகரிடம் தள்ளியதில் மற்றவர்களுக்கும் பங்குண்டு. புதிதாகப் படித்து வருபவர்களுக்கான இடம் என்று அறிவித்துவிட்டு, அதே அறிவிப்பில் இரண்டாண்டு அனுபவம் கேட்கும் நிறுவனங்களை எனக்குத் தெரியும். ரெஸ்யூமேயைப் பதிவேற்றச் சொல்லிவிட்டு, அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் மறுபடி படிவத்தில் தட்டச்சு செய்ய வைக்கிறார்கள். முடிவை மட்டும் தெரிவிக்க மாட்டார்கள். ஒரு கல்லூரி, ஒரு வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் ஒரே மாதிரிப் படிவத்தைக் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றச் சொன்னதை நான் நேரில் பார்த்தேன். அறுபது பேரின் ரெஸ்யூமேயிலும் ஒரே குறிக்கோள் வாசகம் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரையாவது மற்றவரிடமிருந்து பிரித்தறிய எனக்கு வழியே இல்லாமல் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. உங்கள் கல்லூரி அப்படியொரு படிவம் தந்தால், வளாகத் தேர்வுக்கு அதைப் பயன்படுத்துங்கள், வெளியே அனுப்ப உங்களுடையதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் மன்றக் கணக்கைப் பார்த்த பேராசிரியரிடம் காட்டி, எண்கள் சரியா என்று கேளுங்கள். நிறுவனம் விசாரித்தால் உங்களைப் பற்றிச் சொல்ல அவர் சம்மதிப்பாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேறொருவரிடம் கொடுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் பதவியையும் சேர்த்துப் பெயரிட்டு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் அறிவிப்பை மறுபடி படித்துத் தேவையான வரிகளை மேலே ஏற்றி அனுப்புங்கள். அந்த நபருக்கு ஏற்கெனவே உங்கள் ஆவணம் எதையாவது அனுப்பியிருந்தால், எதை, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, அவருடன் நடந்த உரையாடலை அழிக்காமல் சேமித்து வையுங்கள்.