இட்டு நிரப்ப வந்தவரா?

கேள்வி: ஜோடி நடனப் போட்டி ஒன்றை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். ஆட்டத்தைவிட மைக் பிடித்தவரின் பேச்சும், இடையிடையே வந்த பாட்டும் கேளிக்கையும்தான் அதிகம். இட்டு நிரப்ப வந்தவர்களுக்கு ஏன் இவ்வளவு இடம்? போகட்டும், இந்தத் தொகுப்பாளர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

பதில்: 'இட்டு நிரப்ப' என்று எழுதிவிட்டீர்கள். மற்றதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் அந்தச் சொல்லோடு சண்டை போடப் போகிறேன். பள்ளம் இருந்தால்தானே இட்டு நிரப்ப வேண்டும்? அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று பார்க்காமல், மண் அள்ளிப் போட வந்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

இறுதிச் சுற்றை நினைத்துப் பாருங்கள். வழக்கமாக ஆறு ஜோடிகள். பால்ரூம் வகை என்றால் வால்ட்ஸ், டாங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், குவிக்ஸ்டெப் என்று ஐந்து நடனங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை. இவ்வளவுதானா என்று உட்கார்ந்திருக்கிறவருக்குத் தோன்றும். கடைசியில் வரும் குவிக்ஸ்டெப்பின் வேகம் நிமிடத்துக்கு 200 தட்டுகளுக்குக் குறையாது. நான்கு நடனங்கள் ஆடிய கால்கள் அந்த வேகத்தில் தளத்தைச் சுற்றி வர வேண்டும். முகத்திலோ களைப்பின் சாயல்கூடத் தெரியக் கூடாது. லத்தீன் வகையில் அந்தச் சோதனையைக் கடைசியாக வரும் ஜைவ் வைக்கிறது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கிற சில விநாடிகள்தான் நீங்கள் சொல்லும் பள்ளம். அங்கே தொகுப்பாளர் பேசுவது உங்களுக்காக அல்ல. ஆடியவர்கள் மூச்சை மீட்டுக்கொள்வதற்காக. நம் கண்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவர்கள் மார்பு விம்மி அடங்குவதை நாம் பார்க்காமல் காப்பாற்றுகிறார்.

ஒரு போட்டியில் என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ரும்பா முடிந்துவிட்டது. அடுத்தது பாசோ தோப்ளே. தளத்தில் நின்ற பெண் ஒருத்தியின் காலணி வார் அறுந்துவிட்டது. அவளுடைய துணைவன் அங்கேயே முழங்காலிட்டு அதை முடிச்சுப் போட முயன்றான்; கை நடுங்கியது. தொகுப்பாளர் பார்த்துவிட்டார். அவள் பெயரைச் சொல்லவில்லை. அதை வைத்து வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசிக் கைதட்டல் வாங்கவும் இல்லை. மைக்கோடு தளத்தின் மறுகோடிக்கு நடந்து, டிரம்ஸ் வாசிப்பவரிடம் போய் நின்று, முதன்முதலில் குச்சியைக் கையில் எடுத்தது எந்த வயதில் என்று விசாரிக்க ஆரம்பித்தார். பாவம், அந்த மனிதர் பேசிப் பழக்கம் இல்லாதவர். கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு விழித்தார். தொகுப்பாளர் விடவில்லை. வீட்டில் எதைத் தட்டிப் பழகினீர்கள், யார் திட்டினார்கள், அந்தப் பாத்திரம் இன்னும் இருக்கிறதா என்று போய்க்கொண்டே இருந்தது. அரங்கம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்த மறுவிநாடி, பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு, "பாசோ தோப்ளே" என்றார். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், அவர் வார் அறுந்ததையே கவனிக்கவில்லை. இதையா இட்டு நிரப்புவது என்கிறீர்கள்?

இன்னொரு பள்ளம் உண்டு. சுற்று முடிந்த பிறகு முடிவு வருவதற்குள் போகும் நேரம். இறுதிச் சுற்றில் நடுவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் போடுவதில்லை. ஒவ்வொரு நடனத்துக்கும் ஒன்று முதல் ஆறு வரை வரிசை எழுதிக் கொடுக்கிறார்கள். அதிலிருந்து முடிவை எடுக்கும் கணக்குக்கு ஸ்கேட்டிங் முறை என்று பெயர்; அதற்குப் பதினொரு விதிகள். எண்களைக் கூட்டிப் பார்ப்பதில் அது தொடங்குவதில்லை. பாதிக்கு மேற்பட்ட நடுவர்கள் எந்த ஜோடியை எந்த இடத்தில் வைத்தார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறது. இரண்டு ஜோடிகள் சமமாக வந்துவிட்டால் அடுத்த விதி, அதற்கும் அடங்காவிட்டால் அதற்கடுத்த விதி. கணினி வருவதற்கு முன்னால் ஒருவர் மூலையில் காகிதமும் பென்சிலுமாக இதை எல்லாம் போட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில்தான் பாடகர் வருவார், விருந்தினராக வந்த ஜோடி காட்சி நடனம் ஆடும், சில போட்டிகளில் பார்வையாளர்களையே தளத்துக்கு அழைத்து ஆடவிடுவார்கள். கணக்குப் போடுகிறவரை யாரும் அவசரப்படுத்தாமல் இருப்பதற்குப் பாடகர் கொடுக்கும் பாதுகாப்பு அது. இன்றைக்குக் கணக்கு சட்டென்று முடிந்துவிடுகிறது. கேளிக்கை மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கிறது. இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நான். அதைக் குறைக்கலாம்.

கேளிக்கைக்காரர்கள் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன், அவர்களில் முதல் மரியாதை வாத்தியக்காரர்களுக்கு. விக்டர் சில்வெஸ்டர் 1922இல் உலக பால்ரூம் போட்டியில் வென்றவர். ஆடிப் பார்த்தவர் என்பதால் ஆடுகிறவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 1935இல் இசைக்குழு அமைத்தபோது வேகம் இம்மியும் பிசகாத வாசிப்பையே கொள்கையாக வைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் 1920இல் தொடங்கிய பிளாக்பூல் நடன விழாவில் எம்பிரஸ் பால்ரூமில் நேரடி இசைக்குழு வாசிக்கும் மரபு இன்றும் இருக்கிறது. வால்ட்ஸ் என்று தெரியும்; எந்த மெட்டு என்று ஆடுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாது. முதல் சில தாளக்கட்டுகளைக் காதில் வாங்கித்தான் காலை எடுத்து வைக்க வேண்டும்.

ஆகவேதான் அந்த முதல் தாளக்கட்டுகளின் மேல் பேசுகிற தொகுப்பாளரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தில் முன்பே ஒரு முறை இதை எழுதி, மேடை நிகழ்ச்சிகள் நடத்தும் ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொகுப்பாளர் வாயை மூடினால் அரங்கம் செத்துவிடும் என்று மூன்று பக்கக் கடிதம். ஐயா, இசை தொடங்கிய பிறகு அரங்கத்துக்கு உயிர் கொடுக்க இன்னொருவர் தேவையில்லை. ஜாக் அண்டு ஜில் என்று ஒரு போட்டி வகை இருக்கிறது, வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் என்ற ஜோடி நடனம் ஆடுகிறவர்களுக்கு உயிர். யாரோடு ஆடப் போகிறோம் என்பதே சீட்டுக் குலுக்கிப் போட்ட பிறகுதான் தெரியும். பாட்டும் தெரியாது. அறிமுகமில்லாத கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு முதல் எட்டுத் தட்டுகள் எவ்வளவு பெரிய சொத்து! அதன்மேல் "பலத்த கரவொலி எழுப்புங்கள்" என்று கத்துவது பறிப்பது அல்லாமல் வேறென்ன? அன்றைக்கு எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

இந்த வேலைக்கு வயது அதிகம். போட்டிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 18ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் பாத் நகரத்து நடன அரங்குகளில் போ நாஷ் என்ற மனிதர் அதிகாரம் செலுத்தினார். புதிதாக வந்தவருக்கு ஜோடி சேர்த்து வைப்பது, வாளோடும் பூட்ஸோடும் வருகிறவரைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. மாலை ஆறு மணிக்குத் தொடக்கம், பதினொரு மணிக்கு இசை நிற்கும். மன்னரின் மகள் அமேலியா இன்னும் ஒரே ஒரு நடனம் என்று கேட்டபோதும் அவர் இசையைத் தொடரவிடவில்லை என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கிறது. வாசிக்கிறவரின் விரலுக்கும் ஆடுகிறவரின் காலுக்கும் இளவரசியைவிட அதிக மதிப்புக் கொடுத்திருக்கிறார்.

பத்திரிகைக்காரர் ஒருவரையும் சொல்லாமல் இருக்க முடியாது. நியூயார்க்கில் டெய்லி நியூஸ் நாளிதழ் 1935இல் ஹார்வெஸ்ட் மூன் பால் என்ற நடனப் போட்டியைத் தொடங்கியது. சென்ட்ரல் பூங்காவில் நடத்த ஏற்பாடு. கட்டுக்கடங்காத கூட்டம் திரண்டதால் தள்ளிவைத்து மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு மாற்றினார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் ஆடியவர்களை நகரம் முழுவதும் திரும்பிப் பார்க்க வைத்த போட்டி அது. அதைப் பல ஆண்டுகள் தொகுத்து வழங்கியவர் அதே நாளிதழின் பத்தி எழுத்தாளர் எட் சல்லிவன். பாடத் தெரியாது, ஆடத் தெரியாது, மேடையில் விறைத்துக்கொண்டு நிற்பார். ஆனால் யாரை எப்போது முன்னால் விட வேண்டும், தான் எப்போது விலக வேண்டும் என்று தெரிந்தவர். 1948இல் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சி 1971 வரை ஓடியது என்றால், அந்த விலகத் தெரிந்த குணத்தால்தான் என்பேன்.

விலகத் தெரியாதவர்கள் கையில் மைக் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நாட்டில் சான்று இருக்கிறது. 1923இல் அல்மா கம்மிங்ஸ் என்ற பெண் துணையாடுபவர்கள் ஆறு பேரை மாற்றி மாற்றி 27 மணி நேரம் ஆடினார். சாதனை என்று தொடங்கியது, பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் மாரத்தான் நடனப் போட்டியாக, ஒரு வியாபாரமாகவே மாறிவிட்டது. மணிக்கு 45 நிமிடம் ஆட்டம், 15 நிமிடம் ஓய்வு என்று வாரக்கணக்கில் போகும். வேலை இல்லாதவர்கள் பரிசுப் பணத்துக்காகவும், வேளாவேளைக்குச் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கிறதே என்பதற்காகவும் ஆடினார்கள். தூங்கி விழுகிறவரைத் துணையாடுபவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு கால் தேய்க்க, தொகுப்பாளர் அதை வைத்து நகைச்சுவை செய்தார். கூட்டம் குறைந்தால் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், தளத்திலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள். அங்கே மூச்சு வாங்குவதே காட்சி. எங்கள் காலணிக்காரப் பெண்ணை மறைத்த மனிதருக்கு நேர் எதிரான தொழில்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் நச்சரிப்பு என்று இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்கள் அறிவார்கள். ஜோடி என்றால் இருவர். ஆணின் பெயரை முழங்கிவிட்டு "மற்றும் அவருடைய ஜோடி" என்று பெண்ணை இழுத்துப் போகும் அறிவிப்பைக் கேட்டால் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றுகிறது. ஆறாம் இடத்திலிருந்து மேலே மேலே அறிவிப்பதுதான் வழக்கம். அந்த ஆறாம் ஜோடியின் இரண்டு பெயர்களையும் பிழையில்லாமல் உச்சரிக்கிறவரே எனக்குத் தொகுப்பாளர். பெயரைச் சொல்லாமல் அரை நிமிடம் டிரம்ஸை உருட்டவிட்டு, நடுங்கிக்கொண்டு நிற்கிறவர்களின் முகத்தை உற்றுப் பார்க்க வைப்பவர் அல்ல.

பிடித்தவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். புரூஸ் ஃபோர்சித். பிபிசியின் நட்சத்திர நடனப் போட்டியை 2004இல் தொகுத்து வழங்கத் தொடங்கியபோது அவருக்கு 76 வயது. சிறுவயதிலேயே கால் தட்டி ஆடும் டாப் நடனம் கற்று மேடைக்கு வந்தவர். நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டுத் தலை குனிந்து நிற்கிற ஜோடியிடம், நீங்கள்தான் எனக்குப் பிடித்தமானவர்கள் என்பார். அடுத்த வாரம் இன்னொரு ஜோடியிடம் அதையே சொல்வார். எல்லாரிடமும்தான் சொல்கிறார் என்று அந்த ஜோடிக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அவர்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.