யூதர்களுக்கு 24, புராட்டஸ்டண்டுகளுக்கு 66, கத்தோலிக்கருக்கு 73: வேதப் புத்தகங்களைச் சேர்த்தது யார், நீக்கியது யார்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். 16ஆம் நூற்றாண்டில் ட்ரெண்ட் நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கத்தில் கத்தோலிக்கர் ஏழு புத்தகங்களைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் ஏழு புத்தகங்களைத் தூக்கி எறிந்துவிட்டார் என்பது இன்னொன்று. இரண்டுமே வரலாற்றோடு ஒட்டவில்லை. யூத மதத்துக்குள்ளிருந்து கிறிஸ்தவம் பிரிந்து வந்த காலத்தில், எல்லாரும் ஒத்துக்கொண்ட, முடிவான பட்டியல் என்று ஒன்று இருக்கவில்லை. மோசேயின் ஐந்து நூல்களைப் பற்றியும் தீர்க்கதரிசிகளைப் பற்றியும் பெரிய சந்தேகம் இல்லை. அதற்கு அப்பால் எது உள்ளே, எது வெளியே என்பது இன்னும் தீரவில்லை. பிரிந்த பிறகு ஒவ்வொரு சமூகமும் அதைத் தனித்தனியாக, வெவ்வேறு நூற்றாண்டுகளில் தீர்த்துக்கொண்டது.

முதலில் எண்ணிக்கைக் குழப்பத்தை முடித்துவிடலாம், அது எளிது. யூதர்களின் 24 புத்தகங்களும் புராட்டஸ்டண்டு பழைய ஏற்பாட்டின் 39 புத்தகங்களும் ஒரே நூல்கள்தான். ஓசியா முதல் மல்கியா வரையான பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகளை யூதர்கள் ஒரே புத்தகமாக எண்ணுவார்கள். சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் மூன்றுக்கும் இரண்டாம் பாகம் என்று தனிக் கணக்கு கிடையாது. எஸ்றாவும் நெகேமியாவும் ஒன்று. கூட்டிக் கழித்தால் 39 அப்படியே 24 ஆகிவிடும்.  எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பை ஒட்டிய கத்தோலிக்கப் பழைய ஏற்பாட்டில் மட்டும் உண்மையிலேயே கூடுதல் நூல்கள் உண்டு: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், இரண்டாம் நூல். எஸ்தரிலும் தானியேலிலும் கூடுதல் பகுதிகள் இருக்கும். மொத்தம் 46. புதிய ஏற்பாட்டின் 27ஐக் கூட்டினால் 73. இந்த நூல்களைக் கத்தோலிக்கர் இணைத்திருமுறை என்பார்கள், புராட்டஸ்டண்டு சபைகளில் தள்ளுபடி ஆகமங்கள் என்ற பெயர் வழங்குகிறது.

எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. யூதர்களின் வேதமான தனாக் மூன்று பகுதிகள் கொண்டது: தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்), தீர்க்கதரிசிகள், எழுத்துகள். இன்று அச்சாகும் யூதப் பதிப்புகளில் கடைசிப் புத்தகம் நாளாகமம். அதன் கடைசி வசனத்தில் பாரசீக மன்னன் கோரேசு, எருசலேமில் ஆலயம் கட்டப்பட வேண்டும், கடவுளின் மக்களில் எவனும் புறப்பட்டுப் போகலாம் என்று அறிவிக்கிறான். அதாவது வேதம் முடியும் இடத்தில் வாசகரின் முகம் எருசலேமை நோக்கித் திரும்புகிறது. புராட்டஸ்டண்டு பழைய ஏற்பாடு மல்கியாவில் முடிகிறது. அங்கே கடைசியில் எலியா வருவான் என்ற வாக்கு இருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் மத்தேயு, சில பக்கங்களில், கிறிஸ்தவர்கள் அந்த எலியாவாகக் காணும் யோவான் ஸ்நானகன். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. ஆனால் யூதருக்கு அது வீடு திரும்பும் கதை, கிறிஸ்தவருக்கு இன்னும் வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் கதை. தானியேல் இடம் மாறுவதும் இப்படித்தான். யூத வரிசையில் அவர் தீர்க்கதரிசிகளோடு இல்லை, எஸ்தருக்கும் எஸ்றாவுக்கும் பக்கத்தில் 'எழுத்துகள்' பகுதியில் இருக்கிறார். கிறிஸ்தவப் பைபிளில் எசேக்கியேலை அடுத்து நான்காவது பெரிய தீர்க்கதரிசி ஆகிவிடுகிறார்.

சரி, பட்டியல் முடியாமல் இருந்தது என்பதற்கு ஆதாரம் என்ன? எனக்குப் பிடித்த ஆதாரம் சீராக் நூலின் முன்னுரை. எருசலேமில் வாழ்ந்த பென் சீரா என்ற ஆசிரியர் அந்த நூலை எபிரேயத்தில் எழுதினார். அவருடைய பேரன் கி.மு. 132 வாக்கில் எகிப்துக்குப் போய், தாத்தாவின் நூலைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். முன்னுரையில் தாத்தா என்னென்ன படித்தார் என்று சொல்லும்போது, திருச்சட்டம், இறைவாக்கினர், அப்புறம் முன்னோரின் மற்ற நூல்கள் என்று எழுதுகிறார். முதல் இரண்டுக்கும் பெயர் இருக்கிறது. மூன்றாவதற்கு "மற்ற நூல்கள்" என்பதற்கு மேல் அவரிடம் பெயர் இல்லை. லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்திலும் மோசேயின் சட்டம், தீர்க்கதரிசிகள், சங்கீதம் என்றுதான் வருகிறது.

அந்தப் பேரன் போன எகிப்தில்தான், அலெக்சாந்திரியாவில், எபிரேய நூல்கள் கிரேக்கத்துக்கு வரத் தொடங்கின. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தோரா, பிறகு மற்றவை. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று நாம் சொல்லும்போது ஒரே அட்டைக்குள் தைத்த புத்தகம் மனதில் வருகிறது. அன்றைக்கு இருந்தவை தனித்தனிச் சுருள்கள். அட்டை இல்லாத இடத்தில் "உள்ளே", "வெளியே" என்ற கேள்வியே அவ்வளவு கூர்மையாக எழாது. கிரேக்கம் பேசிய முதல் கிறிஸ்தவர்கள் இந்தச் சுருள்களைப் பெற்றுக்கொண்டார்கள். அவற்றோடு தோபித்தும் ஞானமும் மக்கபேயரும் சேர்ந்தே வந்தன.

யூதர்கள் தங்கள் பட்டியலை எப்போது முடித்தார்கள்? கி.பி. 90 வாக்கில் யப்னே என்ற ஊரில் ரப்பிகள், அதாவது யூத மத ஆசிரியர்கள், மாநாடு கூட்டித் தீர்மானம் போட்டார்கள் என்று பல இடங்களில் இன்னும் எழுதுகிறார்கள். ஹைன்ரிக் கிரெட்ஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் 1871இல் முன்வைத்த ஊகம் அது. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். ரப்பிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் நமக்குக் கிடைப்பது தீர்மானம் இல்லை, விவாதம். உன்னதப்பாட்டும் பிரசங்கியும் "கைகளைத் தீட்டாக்குமா" என்று ரப்பிகள் வாதிடுகிறார்கள். புனிதச் சுருளைத் தொட்டால் கை தீட்டாகும் என்பது அவர்களுடைய சட்டம். ஆகவே அந்தக் கேள்வி, இந்த நூல் புனிதமா என்று கேட்பதுதான். ரப்பி அக்கிபா, எழுத்துகள் எல்லாம் புனிதம், உன்னதப்பாட்டோ புனிதத்திலும் புனிதம் என்று அடித்துச் சொல்கிறார். அவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், எதிர்த்தரப்பும் பலமாகத்தான் இருந்திருக்கும்.

பென் சீராவின் நூலுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. ஆனாலும் மிஷ்னாவை ஒட்டி எழுந்த விவாதத் தொகுப்பான டால்முடில் ரப்பிகள் அவரை மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 1896இல் கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் குவிந்து கிடந்த ஏடுகளிலிருந்து அவருடைய எபிரேய மூலத்தின் பகுதிகளை சாலமன் ஷெக்டர் அடையாளம் கண்டார். பட்டியலில் இல்லாத ஒரு நூலை யூதர்கள் இடைக்காலம் வரை கையால் படியெடுத்து வைத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

மக்கபேயரின் நிலை இன்னும் விசித்திரம். சிரிய அரசன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதும், யூதா மக்கபேயும் சகோதரர்களும் போராடி அதை மீட்டு கி.மு. 164இல் மறுபடியும் அர்ப்பணித்ததும் மக்கபேயர் நூல்களில்தான் விரிவாக இருக்கிறது. அந்த நாளைத்தான் யூதர்கள் ஹனுக்கா என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த நூல்கள் அவர்களுடைய வேதத்தில் இல்லை. பண்டிகை யூதர்களிடம், அதன் வரலாறு கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் பைபிள்களில். புராட்டஸ்டண்டு வாசகருக்கு யோவான் 10:22இல் "பிரதிஷ்டைப் பண்டிகை" என்று ஒரு வரி வரும். அது எங்கிருந்து வந்தது என்பதை அவர் கையில் இருக்கும் பைபிள் சொல்லாது.

கிறிஸ்தவர்களுக்குள் உரசல் தொடங்கியது நான்காம் நூற்றாண்டின் இறுதியில். வேதத்தை லத்தீனில் மொழிபெயர்க்க இறங்கிய ஜெரோம் என்ற அறிஞர், எபிரேயத்தில் இருப்பதே உண்மையான வேதம் என்ற முடிவுக்கு வந்தார். மற்றவற்றைச் சபை வாசிக்கலாம், மக்களுக்கு நல்லது, ஆனால் அவற்றை வைத்துத் திருச்சபையின் கோட்பாடுகளை நிறுவக்கூடாது என்றார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ ஆயர் அகுஸ்தீன் ஒத்துக்கொள்ளவில்லை. திருச்சபை காலங்காலமாக வாசித்து வருவதே போதுமான சான்று என்பது அவர் நிலை. 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய வட்டாரச் சங்கங்கள் அகுஸ்தீன் பக்கம் நின்றன. இந்த இடம்தான் முழு விவகாரத்தின் மையம் என்பது என் கருத்து. ஒரு நூலை வாசிப்பது வேறு, அதைச் சாட்சியாக நிறுத்தி ஒரு கோட்பாட்டுக்குத் தீர்ப்பு வாங்குவது வேறு. ஆயிரம் ஆண்டுகள் இரண்டு கருத்தும் ஒரே சபைக்குள் சேர்ந்தே வாழ்ந்தன.

1519இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த விவாதத்தில் அது வெடித்தது. இறந்தவர்களின் ஆன்மா தூய்மையாகும் நிலை என்று கத்தோலிக்கர் நம்பும் உத்தரிக்கும் தலத்துக்கு ஆதாரமாக, இறந்தவர்களுக்காக ஜெபிப்பதைச் சொல்லும் மக்கபேயர் இரண்டாம் நூலைக் கத்தோலிக்கத் தரப்பில் வாதாடிய யோகான் எக் எடுத்துக்காட்டினார். அந்த நூல் திருமுறையில், அதாவது ஏற்கப்பட்ட வேதப் பட்டியலில் இல்லை, அதை வைத்து நிரூபிக்க முடியாது என்று லூதர் பதில் சொன்னார். லூதர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஜெரோமின் கோட்டைத்தான் பிடித்தார். 1518இல் லூதரை விசாரித்த கர்தினால் கயெத்தானே இந்த நூல்களைப் பற்றி ஜெரோமின் கருத்தைத்தான் கொண்டிருந்தார்! 1534இல் வெளிவந்த லூதரின் முழு ஜெர்மன் பைபிளில் இந்த நூல்கள் நீங்கவும் இல்லை. இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில், வேதத்துக்குச் சமமல்ல, ஆனாலும் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்ற குறிப்போடு அச்சாயின. 1546 ஏப்ரல் 8இல் ட்ரெண்ட் சங்கம் தன் பட்டியலைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதே பட்டியலை 1442இலேயே புளோரன்ஸ் சங்கம் வெளியிட்டிருந்தது. ஆக, ட்ரெண்டில் நூல்கள் புதிதாக நுழையவில்லை, ஜெரோமின் கருத்துக்கு இருந்த இடம்தான் மூடப்பட்டது.

புராட்டஸ்டண்டு பைபிளிலிருந்து இவை கண்ணுக்கு மறைந்தது ரொம்பப் பிற்பாடு. 1611இல் வந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இவை நடுவில் இருந்தன. 1826இல் பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் பைபிள் சொசைட்டி, இவற்றை அச்சிடத் தன் பணத்தைச் செலவிடுவதில்லை என்று முடிவெடுத்தது. உலகெங்கும் மலிவுப் பதிப்புகளை அனுப்பிய சங்கம் அது என்பதால், பலரும் முதன்முதலாகத் தொட்ட பைபிளே 66 புத்தகப் பைபிளாகிவிட்டது.

இதுவரை மேற்கை மட்டும் பேசினேன். கிழக்கே போனால் பட்டியல் இன்னும் விரியும். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைகளில் மக்கபேயர் மூன்றாம் நூலும் 151ஆம் சங்கீதமும் உண்டு. எத்தியோப்பிய தெவாஹிதோ சபை 81 புத்தகங்கள் என்று எண்ணுகிறது. ஏனோக்கு, யூபிலிகள் இரண்டும் அதில் அடக்கம். சிரிய மொழிப் பைபிளான பெஷித்தாவிலோ புதிய ஏற்பாடே சிறியது: 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் இல்லாமல் 22 நூல்கள். நாம் அறிந்த 27ஐ அப்படியே பட்டியலிட்டது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய பாஸ்கா மடல். அதே மடலின் பழைய ஏற்பாட்டுப் பட்டியலில் எஸ்தர் இல்லை, பாரூக்கு இருக்கிறது.

ஏனோக்கைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். யூதா நிருபத்தின் 14, 15ஆம் வசனங்கள் ஏனோக்கு நூலிலிருந்து வருகின்றன. இதைக் காட்டி தெர்த்துல்லியன் என்ற ஆதி கிறிஸ்தவ எழுத்தாளர், ஏனோக்கை ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். ஜெரோம் காலத்திலோ பலர், ஏனோக்கை மேற்கோள் காட்டுகிறதே என்பதற்காக யூதா நிருபத்தையே சந்தேகித்தார்களாம். ஒரே தகவல், இரண்டு நேர் எதிர் முடிவுகள். ஏனோக்கு முழுமையாகப் பிழைத்தது எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் மட்டுமே. 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் அதன் அரமேயத் துண்டுகள் வந்தன. தோபித்தும் பென் சீராவும் அங்கே கிடைத்தன. எபிரேய வேதத்தில் எஸ்தர் மட்டும் அங்கே அகப்படவில்லை.

நீங்களே ஒப்பிட்டுப் படிக்க விரும்பினால், எஸ்தரில் தொடங்குங்கள் என்பேன். எபிரேய எஸ்தரில் கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட வராது. கிரேக்க எஸ்தரில் மொர்தெகாயும் எஸ்தரும் நீண்ட ஜெபங்கள் செய்கிறார்கள், கடவுள் வெளிப்படையாகவே செயல்படுகிறார். இரண்டையும் ஒரே மாலையில் வாசித்துவிடலாம். அப்புறம், அந்தியோக்கஸின் கொடுமையை வேறு வேறு விதமாகச் சொல்லும் மக்கபேயர் முதல் நூலையும் தானியேல் 7 முதல் 12 வரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சங்கீதங்களை ஒப்பிடும்போது மட்டும் எண்ணைக் கவனியுங்கள். கிரேக்க மரபு 9ஐயும் 10ஐயும் ஒன்றாக்கிவிடுவதால், மேய்ப்பனைப் பற்றிய 23ஆம் சங்கீதம் பழைய கத்தோலிக்கப் பதிப்புகளிலும் ஆர்த்தடாக்ஸ் பதிப்புகளிலும் 22 என்றுதான் இருக்கும்.